கார்த்திகை மாரியில் இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்குச் சிறு விமானம்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: நவம்பர் 25 முதல் டிசம்பர் 5 வரை லீவு. தனியார் விமானி உரிமம் இருக்கிறது, 90 மணித்தியாலம் பறந்திருக்கிறீர்கள். இரத்மலானையில் செஸ்னா 172 ஒன்று வாடகைக்குக் கிடைக்கும். ஒரே நாளில் மட்டக்களப்புக்குப் போய், வாவியையும் அதன் மேற்கே படுவான்கரை வயல்களையும் ட்ரோனில் படமெடுத்துத் திரும்ப வேண்டும். அந்தப் பத்து நாளில் எந்தத் திகதி நல்லது? திகதியை இப்போதே யாராலும் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது திகதி இல்லை என்று நினைக்கிறேன். குறித்த நாள் விடிந்ததும் போவதா நிற்பதா என்று எதை வைத்து முடிவெடுப்பது, போவதென்றால் எத்தனை மணிக்குப் புறப்படுவது, இந்த இரண்டும்தான் வேண்டும். அவற்றுக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம்.

முதலில் நீங்கள் தெரிவு செய்திருக்கும் காலம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். எங்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம்; டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி. நவம்பர் 25 முதல் டிசம்பர் 5 என்பது சரியாக இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் நாட்கள். நாட்காட்டிதான் டிசம்பர் 1 என்று கோடு போடுகிறது, வானம் போடுவதில்லை. சில வருடம் நவம்பர் நடுவிலேயே வாடை நிலைத்துவிடும். சில வருடம் டிசம்பர் முதற் கிழமையிலும் இடைப்பருவத்து இடிமழையே நடக்கும். எது நடக்கிறது என்று தெரியாமல் புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்க முடியாது. காரணம், இந்த இரண்டு நிலையிலும் நல்ல நேரம் தலைகீழாக மாறிவிடும்.

இடைப்பருவ நிலையில் காற்று இலேசானது. காலையில் வானம் வெளித்திருக்கும். பத்து மணியளவில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும், நிலம் சூடேறும், சூடான காற்று மேலெழும் மேற்காவுகையால் முகில் மகா ஓயா, பதியத்தலாவ, அம்பாறைப் பக்கம் கோபுரமாக எழும்பி, பின்நேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடிமுழக்கமாக முடியும். இந்த நிலையில் விமானிக்குக் காலைதான் நேரம். வாடை நிலைத்த பிறகு கதை வேறு. இரவில் கடல் நிலத்தைவிடச் சூடாக இருக்கும். நிலத்திலிருந்து வெளியே போகும் மெல்லிய காற்று, கடலிலிருந்து வரும் வாடையோடு கரைக்குச் சற்று வெளியே மோதும். அங்கே எழும்பும் மழை முகில்கள் பின்னிரவிலிருந்து காலை எட்டு, ஒன்பது மணி வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு வரும். வெளுப்பதற்குப் பத்தரை, பதினொன்றாகும். ஆகவே "மாரியில் காலையிலேயே புறப்பட்டுவிடு" என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை மேற்குக் கரைக்குப் பொருந்தும்; டிசம்பர் மட்டக்களப்புக்குப் பொருந்தாது. ஏழு மணிக்கு இரத்மலானையில் நீலவானம் பார்த்துப் புறப்பட்டால் எட்டேகாலுக்கு வாவியின் மேல் சாம்பல் சுவரைத்தான் சந்திப்பீர்கள்.

எந்த நிலை நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, திணைக்களத்தின் அன்றாட அறிக்கையின் வாசகத்தைக் கவனிப்பது. கிழக்கு மாகாணத்துக்கு "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று மூன்று நாள் தொடர்ந்து வந்தால் இடைப்பருவம் இன்னும் போகவில்லை. "அவ்வப்போது மழை" என்று கிழக்குக்கும், "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர்" என்று மேற்குக்கும் சப்ரகமுவவுக்கும் பிரித்துச் சொல்லத் தொடங்கினால் வாடை வந்துவிட்டது. பலர் இந்த அறிக்கையை ஒரே வாய்ப்பாடு என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தச் சிறு சொல் மாற்றத்துக்குள் உங்கள் புறப்படும் நேரமே இருக்கிறது.

அடுத்தது மலை. இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோடு ஏறக்குறைய 119 கடல் மைல், திசை 064 பாகை. அந்தக் கோடு கண்டிக்குச் சற்றுத் தெற்கால் போய், நக்கிள்ஸ் மலைத்தொடரின் தென்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு மகியங்கனைச் சமவெளிக்கு இறங்குகிறது. வாடை வீசும்போது ஈரக்காற்று மலையின் கிழக்கு முகத்தில் ஏறிக் குளிர்ந்து முகிலாகத் தேங்கும். மேற்கு முகம் காய்ந்திருக்கும். கண்டிப் பக்கத்திலிருந்து வருபவருக்கு விக்டோரியா நீர்த்தேக்கம் வரை எல்லாம் நன்றாகத் தெரியும், அதன் பிறகு வழி அடைபடும். இதுதான் இந்தப் பாதையின் பெரிய பொறி: நல்ல வானத்துக்குள் இருந்தபடியே, பின்னால் மலை, முன்னால் முகில் என்ற நிலைக்குள் போய்விடுவது. காற்று 20 நொட்டுக்கு (நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் என்றால் காற்று இறங்கும் பக்கத்தில், அதாவது நீங்கள் மலையை நெருங்கும் பக்கத்திலேயே, கீழ்நோக்கிய இழுப்பும் இருக்கும். 172 இன் ஏறும் வலு அதற்கு ஈடு கொடுக்காது. கட்டாயம் அந்த வழியால்தான் என்றால் முகட்டுக்கு மேல் குறைந்தது 2,000 அடி வைத்து, முகட்டை 45 பாகை சரிவாக அணுகுங்கள். திரும்ப வேண்டி வந்தால் குறைந்த திருப்பத்தோடு வெளியே வரலாம். நான் சொல்வது, அந்த வழியே வேண்டாம். குருநாகல், சீகிரியா, பொலன்னறுவை என்று வடக்கால் சுற்றுங்கள். ஏறக்குறைய 143 கடல் மைல், அதாவது கால் மணிநேரம் அதிகம். நிலம் தாழ்வானது, சீகிரியாவில் ஓடுபாதை இருக்கிறது, எந்த இடத்திலும் திரும்பலாம்.

இப்போது நேரத்தைக் கணக்கிடுவோம். வாடை உங்களுக்கு ஏறத்தாழ நேர் எதிர்க்காற்று. 172 இன் வேகம் 110 நொட், காற்று 20 நொட் என்றால் தரைவேகம் 90. நேர்வழியில் 80 நிமிடம், வடக்கு வழியில் ஏறக்குறைய 95 நிமிடம். திரும்பும்போது 130 நொட், 55 முதல் 65 நிமிடம். கிழக்கில் வானம் வெளுப்பது பதினொரு மணியளவில். மேற்கில் இடிமுழக்கம் தொடங்குவது இரண்டு மணிக்குப் பிறகு. அதாவது கிழக்கின் கதவு பிந்தித் திறக்கிறது, மேற்கின் கதவு முந்தி மூடுகிறது. ஒரே நாளில் போய்வருவதென்றால் ஒன்பதரைக்குப் புறப்பட்டு, பதினொன்றுக்கு இறங்கி, பன்னிரண்டரைக்கு முன் திரும்ப ஏறவேண்டும். அந்த ஒன்றரை மணிநேரத்தில் ட்ரோன் வேலை நடக்காது. நடத்த முயன்றால் புறப்பாடு பிந்தி, இரத்மலானையை நெருங்கும்போது முன்னால் முழக்கம் நிற்கும். ஆகவே ஒரு நாள் பயணம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு நாள் பதினொன்றுக்கு இறங்கி, இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் கிழக்கில் முகில் உயர்ந்த உடனே, பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் புறப்படுங்கள். பின்காற்றோடு மதியத்தையொட்டி இரத்மலானையில் இருக்கலாம்.

முகில் எவ்வளவு உயரத்தில் என்பதை நீங்களே சரிபார்க்கலாம். நிலத்து வெப்பநிலையிலிருந்து பனிபடுநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து, வரும் ஒவ்வொரு பாகைக்கும் 400 அடி என்று பெருக்குங்கள். 30 பாகை, பனிபடுநிலை 25 என்றால் 2,000 அடி. 28 உம் 25 உம் என்றால் 1,200. மழை பெய்து முடிந்து 25 உம் 24 உம் ஆக இருந்தால் 400 அடி, அது நாலைந்து பனைமர உயரம்தான். இது மேற்காவுகை முகிலுக்கான கணக்கு. மழைக்குள் உருவாகும் கந்தல் முகில் இதற்கும் கீழே வரும். பார்வைவழிப் பறப்புக்குக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் சர்வதேச நியமம் முகிற்கூரை 1,500 அடி, பார்வைத்தூரம் 5 கிலோமீற்றர். 90 மணி அனுபவத்துக்கு அது போதாது. உங்கள் சொந்த எல்லையை 2,000 அடி, 8 கிலோமீற்றர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைப்பது ஏனென்றால், வாடகைக் காசு கட்டிய பிறகு அந்த எண் மனதுக்குள் தானாகக் குறையும்.

இறங்க முடியாவிட்டால் போகும் மாற்று நிலையத்தைத் தெரிவு செய்வதில் பெரும்பாலானோர் விடும் பிழை, பக்கத்தில் இருப்பதைக் குறிப்பது. அம்பாறையும் சீனன்குடாவும் வரைபடத்தில் கிட்ட, ஆனால் மட்டக்களப்பை மூடும் அதே மழைப்பட்டை அவற்றையும் மூடும். மாற்று என்பது வேறொரு வானத்தின் கீழ் இருக்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து 58 கடல் மைலில் சீகிரியா, அதற்கும் பிறகு இரத்மலானை. பகல் பார்வைவழிப் பறப்புக்குச் சட்டம் கேட்கும் 30 நிமிட மிகுதி எரிபொருளுக்கு மேலதிகமாக, மட்டக்களப்பு வரை போய், இறங்காமல், இரத்மலானைக்கே திரும்பும் அளவு எரிபொருளோடு புறப்படுங்கள். இருவர் போனால் தாங்கி நிறைய ஏற்ற முடியும். நால்வர் என்றால் முடியாது. அதனால் ஆட்களைக் குறையுங்கள், எரிபொருளைக் குறைக்காதீர்கள்.

மட்டக்களப்பு விமான நிலையம் இருக்கும் திமிலைதீவின் ஓடுபாதை 06/24, அதாவது 060, 240 பாகைத் திசைகளில். வாடை வடகிழக்கிலிருந்து வந்தால் மிகவும் வசதி: 030 இலிருந்து 15 நொட் என்றால் குறுக்குக்காற்று 7 அல்லது 8 நொட்தான். ஆனால் தாழமுக்கம் ஒன்று கிழக்கே நிற்கும்போது காற்று நேர் வடக்காகத் திரும்பும். 360 இலிருந்து 20 நொட் என்றால் குறுக்குக்காற்று 17 நொட். 172 க்குப் பரீட்சித்துக் காட்டப்பட்டது 15. திசை முப்பது பாகை மாறி, வேகம் ஐந்து நொட் கூடியதற்கே நிலைமை இவ்வளவு மாறுகிறது. ஓடுபாதை நனைந்திருந்தால் இறங்கும் தூரத்தோடு குறைந்தது 15 வீதம் சேருங்கள். நீர் தேங்கியிருந்தால் சில்லு நீரின் மேல் மிதக்கும்: மிதக்கத் தொடங்கும் வேகம் நொட்டில், சில்லின் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கியது. 36 பிஎஸ்ஐ என்றால் 54 நொட். நீங்கள் தொடும் வேகத்தை அது ஒட்டி நிற்பதால், தொட்டவுடன் பிரேக்கை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மூக்கை மெதுவாக இறக்கி, வேகம் குறைந்த பின் அழுத்துங்கள். உங்கள் 172 காபுரேட்டர் வகை என்றால் இன்னொன்று: 25 பாகை வெப்பத்திலும், இந்த ஈரத்தில், இறங்கும்போது திரொட்டிலைக் குறைத்தால் காபுரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். வெளியே வேர்க்கிறது, உள்ளே எப்படிப் பனி என்று நம்பாமல் இருப்பவர்கள் உண்டு. எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை இருபது பாகைக்கு மேலும் விழும். வலுவைக் குறைப்பதற்கு முன்னரே காப் ஹீட்டை (காபுரேட்டரைச் சூடாக்கும் பிடி) முழுதாகப் போடுங்கள். இறக்கைப் பனி பற்றிக் கவலை வேண்டாம். எங்கள் அகலாங்கில் உறைமட்டம் ஏறக்குறைய 16,000 அடியில்.

இனிப் பெரிய விஷயம். உங்கள் லீவு நாட்கள் கிழக்குக் கரையின் சூறாவளி நாட்களும்கூட. 1978 இல் மட்டக்களப்பை அடித்துப் போட்டது நவம்பர் 23 இல். 2020 இல் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது டிசம்பர் 2 இல். 2025 இல் டித்வா கிழக்குக் கரையால் உட்புகுந்தது நவம்பர் கடைசிக் கிழமையில். 2024 இல், பின்னர் ஃபெங்கல் ஆன தாழமுக்கம் எங்கள் கரையைத் தொடாமலே, கடலோடு நகர்ந்தபடியே, அம்பாறையையும் மட்டக்களப்பையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது, அதுவும் நவம்பர் கடைசிக் கிழமைதான். எல்லா வருடமும் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் வந்தால் பெரும்பாலும் இந்தக் கிழமைகளை ஒட்டியே வரும். சூறாவளி என்ற பெயர் கிடைக்கும் வரை காத்திருக்கவும் கூடாது: பெயர் கிடைப்பது காற்று 34 நொட்டை எட்டும்போது, அதற்கு இரண்டு படி கீழே, வெறும் தாழமுக்கமாக 17 முதல் 27 நொட்டில் இருக்கும்போதே அது இரண்டு மூன்று நாள் முகிற்கூரையை 500 அடிக்கு அழுத்தி வைக்கும். உங்களுக்கு அது போதும், பறப்பு இல்லை.

இதைக் கையிலுள்ள ஒரு கருவியாலும் உணரலாம். தொலைபேசியில் அழுத்தமானி இருக்கும். எங்கள் பகுதியில் அழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை, இரவு பத்து மணிக்கு உச்சம், அதிகாலை, மாலை நான்கு மணிக்குத் தாழ்வு, வித்தியாசம் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவில். மாலை நான்கு மணிக்கு விழுவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நேற்று இதே நேரத்தோடு ஒப்பிடுங்கள். வழமையைவிட 3 குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். 5 குறைந்திருந்தால் சூறாவளி பக்கத்தில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும், கடலோடிகளின் பழைய விதி இது. காற்று முகத்தில் அடிக்க நின்றால் தாழமுக்கத்தின் நடு உங்கள் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும்.

முன்கூட்டியே எவ்வளவு தெரியும்? பத்து நாளுக்கு முன் தெரிவது, அந்தக் கிழமை வழமையைவிட ஈரமா காய்வா என்ற சாயல் மட்டும். எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் மழை கூடும் போக்கு உண்டு, ஆனால் அது ஒரு நாளைப் பற்றி எதையும் சொல்லாது. ஐந்து நாளுக்கு முன், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் எழும்புகிறதா என்று புதுடில்லியிலுள்ள பிராந்திய மையத்தின் அறிக்கையில் தெரியும். மூன்று நாளுக்கு முன் பாதை ஓரளவு பிடிபடும், அப்போது முடிவெடுங்கள். கைத்தொலைபேசிச் செயலிகள் "டிசம்பர் 1, காலை 10 மணி, 2 மில்லிமீற்றர்" என்று காட்டுவதை நம்பி நேரம் குறிக்க வேண்டாம். நல்ல மாதிரிக்கே ஒரு கட்டம் 9 கிலோமீற்றர். ஒரு மழைமுகில் அதைவிடச் சிறியது. செய்மதிப் படத்திலும் ஒரு ஏமாற்று உண்டு. இரவில் வரும் அகச்சிவப்புப் படம் குளிர்ந்த, உயர்ந்த முகிலைத்தான் காட்டும். உங்களைத் தடுக்கும் தாழ்ந்த முகில் கடலின் அளவே வெப்பமாக இருப்பதால் அதில் தெரியாது. படம் கறுப்பாக இருந்தது, போனால் மூடியிருந்தது என்பதன் காரணம் இதுவே. காரைக்கால் ரேடார் மட்டக்களப்பிலிருந்து 400 கிலோமீற்றர் தூரத்தில்; புவியின் வளைவில் எங்கள் மழை அதற்குத் தட்டுப்படாது. அதனால் புறப்படும் காலை எட்டரைக்கு மட்டக்களப்பின் மெட்டார் (விமான நிலைய வானிலை) அறிக்கை, நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, கல்லடியில் இருக்கும் யாரிடமாவது கடற்பக்கம் திருப்பி எடுத்த ஒரு படம், இந்த மூன்றும் வேண்டும். நிலையத்தின் வேலை நேரத்தை நோட்டாமில் (விமானிகளுக்கான அறிவித்தல்) பார்த்துவிடுங்கள்.

பத்து நாளுக்குள் நல்ல இடைவெளி பெரும்பாலும் எங்கே கிடைக்கும் என்றால், ஒரு தாழமுக்கம் கடந்து மேற்கே அரபிக்கடல் பக்கமோ வடக்கே தமிழ்நாட்டுப் பக்கமோ போன பிறகு. அதன் பின்னால் ஒன்று முதல் மூன்று நாள் காய்ந்த காற்று வருவது வழமை. வாவி நிறைந்து, வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும்; படமெடுக்க அதைவிட நல்ல ஒளி மாரியில் இல்லை.

ட்ரோன் பற்றி. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் முதலில். திமிலைதீவுக்குக் கிட்ட பறக்கவிட எண்ணவே வேண்டாம். சிறிய டிஜேஐ மினி வகைகளில் பல தாங்கும் காற்று விநாடிக்கு 10.7 மீற்றர், அதாவது 21 நொட். தரையில் 12 நொட் என்றால் நூறு மீற்றர் மேலே அது 18 ஆக இருக்கலாம். வாடை கடலிலிருந்து வாவிக்கு வீசுகிறது. கடற்பக்கமுள்ள எழுவான்கரையில் நின்று வாவிக்கு மேல் அனுப்பினால் போகும்போது காற்றோடு இலகுவாகப் போகும், மின்கலம் பாதியான பிறகு எதிர்க்காற்றில் திரும்ப வேண்டும். பல ட்ரோன்கள் வாவிக்குள் போவது இப்படித்தான். மண்முனைப் பாலத்தால் கடந்து படுவான்கரையில் நின்று அனுப்புங்கள். எதிர்க்காற்றில் போய், காற்றோடு உங்களிடமே திரும்பும். கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தின் மேலோ ஒட்டியோ நின்று ஏற்ற வேண்டாம், திசைகாட்டி குழம்பும். ஏசி அறையிலிருந்து எடுத்தால் அரைமணி நேரம் பையோடு வெளியில் வையுங்கள், இல்லாவிட்டால் லென்சுக்குள் நீராவி படியும். இந்த வகைகளுக்குத் தூறலும் ஆகாது. பருந்து வட்டமிட்டால் நேரே மேலே ஏற்றுங்கள். அது நேர்ச்செங்குத்தாக ஏறித் துரத்தாது. வெளிச்சம் மாலை 5.45 அளவில் போய்விடும்.

விமானத்தை இரண்டு இரவு நிறுத்துவதால் மூக்கை வடகிழக்குக்குத் திருப்பி, இரண்டு இறக்கையும் வாலும் கட்டி, காற்றுவேகம் அளக்கும் பீற்றோக் குழாயை மூடிவிடுங்கள். காலையில் தாங்கியின் அடியிலிருந்து நீர் வடித்துப் பாருங்கள், இந்த மழையில் மூடியால் நீர் இறங்கும். தாழமுக்க எச்சரிக்கை வந்திருந்தால் அங்கே விடவே கூடாது. தரைவழியை மாற்றாக வைத்திருப்பவர்கள் அதையும் மூன்று நாளுக்கு முன்னரே தீர்மானிக்க வேண்டும்: மகாவலி பெருகினால் மன்னம்பிட்டியில் வீதி நீருக்குள் போய்விடும், உதயதேவி ரயிலும் ஓடாமல் போகலாம். விமானத்தை நிறுத்தும் மழைதான் அந்த வழியையும் அடைக்கிறது.